பல ஆண்டுகள் ஆண்ட்ராய்டு பயன்படுத்தியபின் ஐபோனுக்கு மாறினால் எவற்றில் சிரமம் வரும்?

ஏழு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பதாகவும், இப்போது ஐபோன் வாங்க எண்ணியிருப்பதாகவும், கேமராவையும் பேட்டரியையும் ஒப்பிட்டுப் பேச ஆயிரம் பேர் இருந்தாலும் வாங்கிய பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன் 13க்கு மாறினேன். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். நாள் முழுவதும் கைபேசியில் தமிழ் தட்டச்சு செய்பவன் என்பதால், என் பதில் அந்தப் பக்கமே சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கும்.

முதலில் வாட்ஸ்அப். எழுத்தாளர்கள் ஆறு ஆண்டுகளாக எனக்கு அனுப்பிய திருத்தங்கள், பக்க எண்ணுடன் கூடிய குறிப்புகள், "இந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள்" என்ற குரல் செய்திகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் காப்புப் பிரதியைக் கூகுள் டிரைவில் சேமிக்கிறது. ஐபோனிலோ ஆப்பிளின் ஐகிளவுடில் சேமிக்கிறது. முன்னதைப் பின்னதால் திறக்க முடியாது. கூகுள் கணக்கில் நுழைந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பி, கடையிலேயே அவசரமாகப் புதிய கைபேசியை அமைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஓர் உரையாடல்கூட இல்லை.

அப்போது இதற்கு இருந்த நேர்வழி, ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியை நிறுவி, அதன் வழியாக மாற்றுவதுதான். வாட்ஸ்அப் உரையாடல்களையும் அதன்மூலம் கொண்டுவரும் வசதி 2022இல் வந்தது. ஆனால், நான் மாற்றிய காலத்தில் ஐபோன் முதன்முறை அமைக்கப்படும் நிலையில் இருந்தால் மட்டுமே அது வேலை செய்தது. ஆகவே, ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத கைபேசியை முழுவதும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு கைபேசிகளையும் மின்இணைப்பில் செருகி, ஒரே வைஃபையில் அருகருகே வைத்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் யாரையும் அந்த மேசைப் பக்கம் நான் வரவிடவில்லை. உரையாடல்கள் முழுமையாக வந்து சேர்ந்தன. அழைப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை.

அடுத்தது சிம். பழைய கைபேசியில் இரண்டு சிம் அட்டைகள் இருந்தன. ஐபோன் 13இல் ஓர் அட்டைக்கு மட்டுமே இடம். இரண்டாவது எண் வேண்டுமென்றால் அதை ஈ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்ற வேண்டும். நான் யோசிக்காமல் வங்கியில் பதிவு செய்திருந்த எண்ணையே ஈ-சிம்மாக மாற்றிவிட்டேன். சிம்மை மாற்றிய பின் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வரவும் செய்யாது, போகவும் செய்யாது. பிறர் பெயரில் மாற்று சிம் வாங்கிப் பணத்தைத் திருடும் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த 24 மணி நேரமும் ஓடிபி வராது என்பது அம்மாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஏடிஎம்முக்கு நடந்துபோய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்தேன். நீங்கள் வங்கி எண்ணுக்குரிய அட்டையை அப்படியே எடுத்துப் புதிய கைபேசியில் போட்டுக்கொண்டு, மற்ற எண்ணை ஈ-சிம்மாக மாற்றுங்கள்.

மறுநாள் யுபிஐ. நம் கணக்கு எந்தக் கைபேசியில் இயங்குகிறது என்பதை உறுதிசெய்ய, யுபிஐ செயலி நம் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பும். ஆண்ட்ராய்டில் நாம் அனுமதி கொடுத்தால் போதும், அந்தச் செய்தியைச் செயலியே அனுப்பிவிடும். ஐபோனில் எந்தச் செயலியும் நம் கைபடாமல் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. புரியாத எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரியோடு செய்தித் திரை திறக்கும். அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் நாமே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு மூன்று முறை 'சரிபார்ப்பு தோல்வி' என்றே வந்தது. நான்காவது முறை நிதானமாகப் பார்த்தபோது, செய்தி என் இன்னோர் எண்ணிலிருந்து போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. எந்த எண்ணிலிருந்து அனுப்புகிறோம் என்பது அந்தத் திரையின் மேற்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டு மாற்றியதும் உடனே சரியாகிவிட்டது. புதிய கைபேசியில் பதிவு செய்த தொடக்கத்தில் என் கணக்கிலிருந்து 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய தொகை கட்ட வேண்டிய வாரத்தில் கைபேசியை மாற்றாதீர்கள்.

இனி தட்டச்சு. என் விரல்களுக்குத் தெரிந்தது தமிழ்99 விசைப்பலகை. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான, தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் இருக்கும். 'தம்பி' என்று எழுத த, ம, ப, இ என்று நான்கு தட்டுகள் போதும். மகரத்துக்குப் பின் பகரம் வந்தால் புள்ளி தானே விழுந்துவிடும். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் (ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டும் முறை) ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 இயங்குதளம் முதலே உள்ளன என்பதால், தனிச் செயலி எதையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆயினும், ஒரு மாதம் தடுமாறினேன். பழைய கைபேசியைவிட இதன் திரை அகலம் குறைவு. ஒரே வரிசையில் அத்தனை எழுத்துகள் நிற்கும்போது ஒவ்வொரு விசையும் ஒரு நூலளவு ஒடுங்கிவிடுகிறது. தமிழ்99இல் ள, ற, ன, ட, ண ஆகியவை அடுத்தடுத்து நிற்பவை. கட்டைவிரல் சற்றே இடப்பக்கம் நழுவினால் 'மனம்' என்பது 'மறம்' ஆகிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் எந்தச் சொற்பிழைத் திருத்தியும் அதைப் பிடிக்காது. ஒரு கவிஞருக்கு நான் அனுப்பிய குறிப்பில் அப்படியொரு 'மறம்' போய்விட, அவர் அதையே என் திருத்தம் என்று எண்ணி, இரவு பத்து மணிக்கு வருத்தத்தோடு அழைத்தார். அன்றுமுதல் தட்டச்சு செய்ததை மறுபடி படிக்காமல் அனுப்புவதில்லை. இடைவெளி விசையை அழுத்திப் பிடித்து நகர்த்தினால், திருத்த வேண்டிய இடத்துக்கு எளிதாகப் போய்விடலாம் என்பதை இரண்டாம் வாரத்தில் கண்டுகொண்டேன். இது என் வேலைக்குப் பேருதவியாக இருக்கிறது.

பின்செல்லும் வழியைப் பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ராய்டில் திரையின் எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் முந்தைய பக்கத்துக்குப் போய்விடலாம். நான் வலக்கையில் கைபேசியைப் பிடிப்பவன் ஆதலால் வலப்பக்கமே இழுத்துப் பழகியிருந்தேன். ஐபோனில் அது நடக்கவில்லை. மேல் இடது மூலையில் உள்ள அம்புக்குறிக்குக் கட்டைவிரலை எட்டி எட்டி நீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "அங்க ஏன்ப்பா போறீங்க? இடது ஓரத்துல இருந்து இழுங்க" என்று என் மகள் செய்து காட்டினாள். பெரும்பாலான செயலிகளில் அது போதும்.

படங்கள், தொடர்பு எண்கள், நாட்காட்டி ஆகியவை சிக்கலின்றி வந்துவிட்டன. சார்ஜர் விஷயத்தில், என்னுடையது பழைய லைட்னிங் துளை கொண்டது என்பதால் வீட்டிலிருந்த டைப்-சி கேபிள்கள் பொருந்தவில்லை. ஐபோன் 15 முதல் டைப்-சியே வருவதால் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

பழைய கைபேசியை அன்றே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலையில் குறைப்பதாகக் கடையில் சொன்னார்கள். பேசாமல் வீட்டுக்கு எடுத்துவந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. இல்லையென்றால் வாட்ஸ்அப்பை இரண்டாம் முறை மாற்றியிருக்கவே முடியாது. அதை மேசை இழுப்பறையில் வைத்து, வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டுவந்தேன். டிசம்பரில் ஒரு நாள், எழுத்தாளர் ஒருவர் நேரில் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்த கோப்புகளைத் தேடியபோது, அவை எதுவும் புதிய கைபேசிக்கு வந்திருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, பழையதைக் கணினியில் இணைத்து, நாற்பத்தொரு கோப்புகளையும் எடுத்துக்கொண்டேன். பொங்கல் முடிந்த பிறகே அதை அழித்து, ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகனிடம் கொடுத்தேன்.