மகளின் ரேடியோ ஆர்வமும் வாசலில் கேட்ட கேள்வியும்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை மகளுடன் மேற்கு மாம்பலத்துக்கு வந்திருந்தீர்கள். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இதற்கெல்லாம் யாராவது சம்பளம் கொடுப்பார்களா?" வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கொடுக்க மாட்டார்கள். அவள் எழுதுவது அமெச்சூர் ரேடியோவை, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோத் தொடர்பை, இயக்கும் திறமூல மென்பொருள்; யாரும் படித்துத் திருத்தத் திறந்து வைத்த நிரல். அதை எழுத ஆள் தேவை என்று சென்னையில் ஒரு விளம்பரத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த ஆசையை உங்களுக்கோ அவளுக்கோ ஊட்டமாட்டேன். ஆனால் அவள் இரவு ஒரு மணி வரை செய்வது விளையாட்டு என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

அவள் பங்களிக்கும் ஹாம்லிப் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம்; மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகம். ரேடியோ தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கட்டளை மொழி உண்டு. 14.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போ என்று கென்வுட் கருவியிடம் சொல்ல இரண்டு எழுத்து, அதன் பின் பதினொரு இலக்கம், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஐகாம் கருவிக்கோ அதே எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, கடைசி ஜோடியை முதலில் வைத்து 00 40 07 14 00 என்று அனுப்ப வேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் எல்லோரும் எல்லாக் கருவியின் மொழியையும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. நடுவே நின்று மொழிபெயர்ப்பதுதான் ஹாம்லிப். 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் தொடங்கிய, மிக மங்கலான சிக்னலிலும் செய்தி பரிமாற உதவும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளும் கருவிகளோடு பேச இதையே பயன்படுத்துகிறது. உலகம் முழுக்க ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், தினமும் திறக்கும் மென்பொருள் அது.

ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரையும் இதே நூலகம் இயக்கும். நீங்கள் ரயில்வே பணிமனைக்காரர். நிற்காமல் கடக்கும் ரயிலின் ஹாரன் நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செயற்கைக்கோளின் சிக்னலும் அப்படித்தான். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் ஒன்று 435 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மேலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்ந்துவிடும். ரிசீவரை நொடிக்கு நொடி திருத்த வேண்டும். ஆன்டெனாவும் கூடவே திரும்ப வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளே செயற்கைக்கோள் செய்து அனுப்பியிருக்கின்றன: 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், 2011-இல் எஸ்ஆர்எம்சாட், 2016-இல் சத்யபாமாசாட். மேலே போனதை கீழேயிருந்து பின்தொடர யாரோ நிரல் எழுதத்தான் வேண்டும்.

இனி சம்பளத்துக்கு வருவோம். கருவி பதில் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? பாதி பதில் மட்டும் வந்தால்? கேபிளை யாராவது பிடுங்கிவிட்டால்? ஒலிபரப்பைத் தொடங்கிய நிரல் நடுவில் செத்துப்போனால் கருவி ஒலிபரப்பிக்கொண்டே சூடேறுமே, அதை யார் நிறுத்துவது? இந்தக் கவலைகளோடு நிரல் எழுதுபவர்களைத்தான் எம்பெடட் துறை, அதாவது கருவிகளுக்குள் ஓடும் நிரலை எழுதும் துறை, தேடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் வாகன மின்னணுவியல், தொலைத்தொடர்புக் கருவிகளின் சோதனைப் பிரிவு, அளவீட்டுக் கருவிகளைக் கணினியால் இயக்கும் வேலை எல்லாமே கட்டளை அனுப்பிப் பதிலைச் சரிபார்க்கும் வேலைதான். கருவியின் பெயர்தான் வேறு.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தன் மடிக்கணினியில் தனக்கு மட்டும் ஓடுகிற நிரலுக்கு நேர்முகத் தேர்வில் மதிப்பு குறைவு. முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்து, "இங்கே தவறு" என்று திருப்பி அனுப்பி, இவள் திருத்தி, மறுபடி அனுப்பி, அது திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் போக்குவரத்து முழுவதும் பொதுவெளியில் பதிவாகி இருக்கும். மாணவர்களின் ரெஸ்யூமில் நான் முதலில் தேடுவது அதைத்தான். விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு 'திறமூலப் பங்களிப்பாளர்' என்று போட்டுக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள். திறமூல இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிற பயிற்சி மையங்களும் நகரத்தில் உண்டு. அங்கே ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். எல்லோருக்கும் திறந்து கிடக்கும் கதவுக்கு எதற்கு நுழைவுக் கட்டணம்?

செலவைப் பற்றியும் கேட்டீர்கள். விலையுயர்ந்த ரேடியோ இப்போது வேண்டாம். ஹாம்லிப்பிலேயே ஒரு பொய்க் கருவி இருக்கிறது; பட்டியலில் அதன் எண் 1. மேசையில் எதுவும் இல்லாமலே அதற்குக் கட்டளை அனுப்பிப் பழகலாம். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால், கணினியை ரேடியோவோடு இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிளோடு மட்டும் திரும்பி வரச் சொல்லுங்கள், போதும். (அந்தத் தெருவில் அதைக் கடைப்பிடிப்பது கடினம். நானும் தோற்றிருக்கிறேன்.)

உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. அது சட்ட மீறல். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். உரிமத்தில் கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக அனுப்பும் குறியீடு) தேவையில்லை. பொது நிலைக்கு உண்டு. பாடத்தில் பாதி அவள் வகுப்பில் படித்ததுதான், அடுத்த விடுமுறையில் எழுதட்டும். உரிமம் வாங்கிய மூத்த ஹாம்கள் சென்னையில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கருவியில் தன் நிரலை ஓட்டிப் பார்த்தால் பொய்க் கருவி மறைத்த பிழைகள் எல்லாம் வெளியே வரும்.

பணம் வரும் வழி ஒன்றும் இருக்கிறது. 2005 முதல் கூகுள் நடத்தும் கோடைக்காலத் திட்டத்தில், தேர்வானவர்கள் திறமூல அமைப்பு ஒன்றுக்கு நிரல் எழுதி உதவித்தொகை பெறலாம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். க்னூ ரேடியோ போன்ற ரேடியோ அமைப்புகள் சில ஆண்டுகள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டி அதிகம், அதை நம்பிக் கல்விக் கடனைக் கணக்கிடாதீர்கள்.

இப்போது அவள் படிக்க வேண்டிய பத்தி. அம்மா, கணித அரியர் ஒன்று நிற்கிறது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, அரியர் இருக்கும் பெயரை முதல் வடிகட்டலிலேயே எடுத்துவிடும்; உன் நிரலை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அநியாயம்தான், ஆனால் நடைமுறை அதுதான். தேர்வு வரை வார நாட்களில் ஹாம்லிப் வேண்டாம், ஞாயிறு மட்டும். நீ அன்று விட்டுக்கொடுக்காமல் வாதாடியது எனக்குப் பிடித்திருந்தது, இருந்தாலும் இதில் என் பேச்சு மாறாது.

ஐயா, உங்கள் பங்கு ஒன்றுதான்: அந்த ஞாயிறுகளில் இணையத்தைத் துண்டிக்காதீர்கள்.

அரியர் முடிவு வந்ததும் இருவரும் வாருங்கள். அவள் அனுப்பிய திருத்தம் ஒன்றைப் பற்றி, தவறு சுட்டியவரின் பதிலோடு சேர்த்து, முழு உரையாடலையும் அச்செடுத்து வரச் சொல்லுங்கள். ரெஸ்யூமின் முதல் வரியை அதிலிருந்து எழுதுவோம்.