வாசகர் கேள்வி–பதில்: ஜாயின்ட் பதிவை எங்கே, யார் எழுதுவது?

கேள்வி: ஐயா, மணலி, எண்ணூர் பக்கம் பைப்பிங் வேலையை சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் இருபது வெல்டர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜாயின்டையும் (வெல்ட் செய்த இணைப்பு) பற்றி சைட் இன்ஜினியர் நோட்டில் குறித்து வருவதை ஆபீஸ் பையன் மாலையில் எக்செல்லில் ஏற்றுவான். போன வேலையில் ஹைட்ரோ டெஸ்டுக்கு (பைப்பில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) ஃபைல் கொடுத்தோம். வெல்டை எக்ஸ்ரே போலப் படம் எடுக்கும் ரேடியோகிராஃபி ரிப்போர்ட்டில் ‘ரிப்பேர்’ என்றிருந்த 14ஆம் ஜாயின்ட் எங்கள் பட்டியலில் ‘பாஸ்’ என்றிருந்தது. ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பில்லும் நின்றது. அடுத்த வேலைக்கு டிஜிட்டல் பதிவு கட்டாயமாம். சாஃப்ட்வேர் வாங்கினால் தொல்லை தீருமா?

பதில்: வாங்குங்கள். ஆனால் உங்கள் கோளாறு எக்செல்லில் இல்லை. காலையில் வைத்த ஜாயின்டை, அதைக் கண்ணாலேயே பார்க்காத ஒருவர், இன்னொருவரின் கையெழுத்தைப் படித்து மாலையில் ஏற்றுகிறார். இந்தப் பழக்கத்தை மாற்றாமல் எதை வாங்கினாலும் அதே தவறுதான் திரும்ப வரும். பதிவு ஜாயின்டுக்குப் பக்கத்தில், வேலை முடிந்த கையோடு நடக்க வேண்டும். ஃபிட்-அப் (வெல்டுக்கு முன் பைப்புகளைப் பொருத்துவது) பார்த்தவர் ஃபிட்-அப்பை எழுதட்டும், ரூட் (அடியில் போடும் முதல் வெல்ட்) பார்த்தவர் ரூட்டை எழுதட்டும்.

இந்தப் பதிவு எதற்கு என்று உங்கள் ஆட்களுக்கு முதலில் சொல்லுங்கள். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிடும் பைப்பிங் விதித்தொகுப்பான பி31.3-இன்படி, சாதாரண ரகத் திரவமோ வாயுவோ ஓடும் லைனில் சுற்று பட் ஜாயின்ட்களில் (இரண்டு முனைகளை நேருக்கு நேர் வைத்துச் சுற்றிலும் வெல்ட் செய்தவை) குறைந்தது 5 சதவீதத்தை ரேடியோகிராஃபி அல்லது அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்க வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வெல்டரின் ஜாயின்டும் அந்த 5 சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும். ஒன்று ஃபிலிமில் குறை தெரிந்து விழுந்துவிட்டால் அதே வெல்டர் வைத்த இன்னும் இரண்டு ஜாயின்ட்களைப் படம் எடுக்க வேண்டும். அவற்றிலும் விழுந்தால், விழுந்த ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. அதுவும் விழுந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் சோதித்துச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வெட்டி மாற்ற வேண்டும். யார் எதை வைத்தார் என்று தெரியாவிட்டால் இந்த விதியை எப்படி நிறைவேற்றுவீர்கள்? பல இடங்களில் ரூட்டை ஆர்கான் வெல்டர் (ஆர்கான் வாயு விட்டு வெல்ட் செய்பவர்) போடுகிறார், மேலே நிரப்புவதை ராடு வெல்டர் (எலக்ட்ரோடு ராடால் வெல்ட் செய்பவர்) செய்கிறார். பட்டியலிலோ ஒரே ஒரு வெல்டர் நம்பர் கட்டம். ரூட்டில் ஃப்யூஷன் (உலோகம் உருகி ஒன்றாவது) இல்லை என்று ஃபிலிம் சொன்னால், அந்தக் கட்டத்தை வைத்துத் தவறான ஆளின் ஜாயின்ட்களைத்தான் தேடுவோம். ரூட்டுக்கு ஒரு கட்டம், ஃபில்-அப்புக்கும் கேப்புக்கும் (மேலே மூடும் கடைசி வெல்ட்) வேறு கட்டம் என்று இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

உங்கள் 14ஆம் ஜாயின்டுக்கு வருகிறேன். அது முதலில் விழுந்து, ரிப்பேர் செய்து, மறுபடி படம் எடுத்து, பிறகு பாஸ் ஆகியிருக்கும். உங்கள் பையன் பழைய முடிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதியிருப்பான். அப்படி அழிக்கவே முடியாத சாஃப்ட்வேராகப் பாருங்கள். 14 என்று ஒரு வரி, 14 ஆர்1 (முதல் ரிப்பேர்) என்று அடுத்த வரி, இரண்டுக்கும் ரிப்போர்ட், இரண்டுக்கும் தேதி. ஒரு ஜாயின்ட் விழுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. விழுந்ததும் சரிசெய்ததும் ஃபைலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்தால் இன்ஸ்பெக்டருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் ஷாப்களில் நான் முதலில் பார்ப்பது மூலையில் கிடக்கும் துண்டுப் பைப்புகளைத்தான். ஆறு மீட்டர் பைப்பின் ஒரு முனையில்தான் பெரும்பாலும் ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) இருக்கும். ஃபிட்டர் அந்த முனையை வெட்டிப் பயன்படுத்திவிட்டால் மீதித் துண்டு அநாதை. அதற்கு ஆலை தரும் எந்த மில் சர்டிபிகேட்டும் சொந்தமில்லை. வெட்டுவதற்கு முன்பே மீதிப் பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் ஹீட் நம்பரை எழுத வேண்டும். இதை எந்தச் சாஃப்ட்வேரும் செய்து தராது. துண்டில் நம்பர் இருந்தால், அந்த ஷாப்பின் கணினியில் இருப்பதை நான் பாதிக்கு மேல் நம்பிவிடுவேன். 304, 316 என்ற இரண்டு துருப்பிடிக்காத எஃகு ரகங்களும் ஒரே ஷாப்பில் ஓடினால் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் ரிஃபைனரிக்குள் எரிவாயு சூழக்கூடிய பகுதிகளில் சாதாரண செல்போன், டேப்லெட் எதற்கும் அனுமதி இல்லை. தீப்பொறி எழாதது என்று சான்று பெற்ற கருவி வேண்டும், அதன் விலை அதிகம். முடியாதவர்கள் ஜாயின்டுக்கு ஒரு சீட்டு வையுங்கள். பார்த்தவரே நிரப்பி, அன்றே வெளியே வந்து அவரே ஏற்றட்டும். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஓடுமா, சந்தா முடிந்த பிறகும் பதிவு முழுவதையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இஞ்ச்-டயா கணக்கும் (ஜாயின்ட்களின் விட்டத்தை இஞ்சில் கூட்டுவது) இதே பட்டியலிலிருந்து தானாக வந்துவிடும், பில்லுக்குத் தனியாக உட்கார வேண்டாம்.

கேள்வி: திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) இன்ஜினியராக இருக்கிறேன். நல்ல ஆர்கான் வெல்டர் ஒருவர் எட்டு மாதமாக ராடு வேலை மட்டும்தான் செய்தார். அவருடைய ஆர்கான் தகுதி செல்லாது என்கிறார் இன்ஸ்பெக்டர். சரியா சார்?

பதில்: சரிதான் அம்மா. வெல்டர் தகுதிக்கான விதிகள் அடங்கிய ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9-இன்படி ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். ராடு தகுதிக்கு ஒன்றும் ஆகாது. ஆர்கானில் ஒரே ஒரு டெஸ்ட் பீஸ் வைத்துத் தேறினால் பழைய தகுதி அப்படியே திரும்பிவிடும். அந்த வெல்டரை அவமானப்படுத்தியதுபோல் ஆக்கிவிடாமல், அரை நாள் ஒதுக்கி முடித்துவிடுங்கள். கடைசியாக எந்த முறையில் எந்தத் தேதியில் வைத்தார் என்பதைத் தினசரிப் பதிவே காட்டும். ஐந்தாம் மாதத்திலேயே எச்சரிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.ஆர். (இந்திய கொதிகலன் ஒழுங்குமுறைகள்) எல்லைக்குள் வரும் ஸ்டீம் லைன் என்றால் கொதிகலன் துறையின் வெல்டர் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். காகிதத்தையும் ஃபிலிமையும் கழித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சோதனை ரிப்போர்ட்டுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது பி31.3. ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட காலம் இருந்தால் அதுவே செல்லும். காகிதத்துக்குப் பதில் ஸ்கேன் போதுமா என்பதை வேலை கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் வேறு விஷயம். அதன் கருமையை ஆபீஸ் ஸ்கேனர் பிடிக்காது, அதற்கென்றே செய்த ஃபிலிம் டிஜிட்டைசர் வேண்டும். ஸ்கேன் ஃபைல்களை ஒரே லேப்டாப்பில் வைக்காமல் இன்னொரு நகலை வேறு இடத்தில் வையுங்கள்.