பதில்: மலக்குடல் புற்றுநோய் - ‘நியூயார்க் மருந்து’ அப்பாவுக்குப் பொருந்துமா?

அப்பாவுக்கு மூன்றாம் கட்டம், முதலில் கதிர்வீச்சு, பிறகு அறுவைசிகிச்சை என்கிறார்கள், ‘நியூயார்க் மருந்து’ எனப்படும் டோஸ்டார்லிமாப் (உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசி) போட்டால் அறுவை வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் அல்ல.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஆண்ட்ரியா செர்செக் குழு 2022-ல் வெளியிட்ட முடிவில், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என ஆறு மாதம் முடித்த 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. ஆனால் அவர்கள் அனைவருக்கும் கட்டியில் மரபணுப் பிழைதிருத்தக் குறைபாடு இருந்தது, அதாவது டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழைகளைச் செல்களால் சரிசெய்ய முடியாது. மலக்குடல் புற்றுநோயில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களுக்கு இந்த மருந்து மட்டும் போட்டுக் காத்திருப்பது கட்டியை வளரவிடுவது போல.

எனவே கதிர்வீச்சு தொடங்கும் முன் பயாப்சி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிழைதிருத்தும் புரதங்களான எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 நான்கும் திசுவில் இருக்கின்றனவா என்று நிறமேற்றிச் சோதிக்கப்பட்டதா? இல்லையென்றால் பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள், அதிலேயே செய்யச் சொல்லலாம். மறுபடி பயாப்சி பெரும்பாலும் தேவைப்படாது. சிகிச்சைக்குப் பிறகு எடுத்த திசுவில் எம்.எஸ்.எச்.6 நிறம் மங்கித் தவறாகக் காட்டக்கூடும், அதனால்தான் ‘முன்’ என்கிறேன். பக்கத்திலுள்ள இயல்பான செல்களிலும் நிறம் ஏறவில்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது.

குறைபாடு உறுதியானால், கதிர்வீச்சுத் தேதியைத் தள்ளலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். லிஞ்ச் நோய்க்கூறு (குடும்பத்தில் பரம்பரையாக வரும் புற்றுநோய் அபாயம்) இருக்கலாம் என்பதால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படும். கட்டி மறைந்தாலும் எம்.ஆர்.ஐ., எண்டோஸ்கோபி, விரல் பரிசோதனை மூன்றும் பல வருடம் தொடரும். தைராய்டு அளவையும் இடையிடையே பார்க்க வேண்டும். இந்த வகை மருந்துகள் அதைக் கெடுக்கக்கூடும்.