மைத்துனரின் எஃப்.டி.யைக் காட்டி மகளுக்கு விசா எடுக்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 51. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். மகளுக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 27,000 பவுண்டு. அதில் 3,000 பவுண்டு முன்பணம் கட்டிவிட்டோம். வகுப்பு செப்டம்பர் கடைசியில். என் பெயரில் 62,000 ரிங்கிட் எஃப்.டி. இருக்கிறது, ஜூன் 12-ல் முதிர்கிறது. சேமிப்பில் 26,000, மனைவி பெயரில் ஏ.எஸ்.எம். (அமானா சஹாம் மலேசியா) முதலீட்டு யூனிட் 71,000, என் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேம நிதி) அகாவுன் செஜாத்ராவில் 54,000. மனைவியின் தம்பி 60,000 ரிங்கிட் வட்டியில்லாமல் தரத் தயார். ஆனால் தன் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் ஸ்டேட்மெண்டை மட்டும் விசாவுக்குக் காட்ட முடியுமா என்று கேட்கிறார். ஏஜெண்ட் ஒருவர், 3,800 ரிங்கிட் கொடுத்தால் 28 நாளைக்குப் பணத்தை எங்கள் கணக்கில் போட்டு வைப்பதாகச் சொல்கிறார். மலேசியர்களிடம் பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கவே மாட்டார்கள் என்றும் அவரே சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: கேட்கவே மாட்டார்கள் என்றால் 3,800 ரிங்கிட் எதற்கு? முதலில் ஏஜெண்டிடம் அதைக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பிரிட்டிஷ் மாணவர் விசா விதிகளில், குறைந்த ஆவணங்களோடு விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தோடு பணச் சான்றை ஏற்ற வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதியில் தள்ளுபடி கிடையாது. அதிகாரி எப்போது வேண்டுமானாலும் சான்று கேட்கலாம். கேட்டால் சில நாள்தான் அவகாசம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஓடிப்போய் 28 நாள் பழைய இருப்பை உண்டாக்க முடியாது. விசா நிராகரிக்கப்படும், விண்ணப்பக் கட்டணமும் போய்விடும். பல பல்கலைக்கழகங்கள் சி.ஏ.எஸ். என்னும் சேர்க்கை உறுதிச் சான்றைத் தருவதற்கு முன்பே பணச் சான்றைக் கேட்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடகைப் பணத்தைக் கணக்கில் நிறுத்திக் காட்டுவது ஏமாற்று என்று முடிவானால் பிரிட்டன் பத்து ஆண்டுவரை தடை விதிக்கும். பிற்பாடு வேறு நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் “முன்பு நிராகரிக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு உங்கள் மகள் “ஆம்” என்று எழுத வேண்டிவரும். இதெல்லாம் போக, முன்பின் தெரியாதவரின் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போய்வருவதே தனி ஆபத்து. அது எங்கிருந்து வந்தது என்று போலீஸ் விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் கையில் இருப்பதை வைத்தே காரியம் முடியும் என்பதால் ஏஜெண்டை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி கணக்கு. லண்டனுக்கு வெளியே படிப்பவர் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இந்தத் தொகை. லண்டன் என்றால் மாதம் 1,529. லீட்ஸ் என்பதால் உங்களுக்கு 10,539 பவுண்டு. கட்டண பாக்கி 24,000 பவுண்டையும் கூட்டினால் 34,539 பவுண்டு. ஒரு பவுண்டு 5.50 ரிங்கிட் என்று வைத்தால் ஏறக்குறைய 1,90,000 ரிங்கிட் ஆகிறது.

இந்தத் தொகையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரிங்கிட்டைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது ஓவாண்டா என்ற நாணய மாற்றுத் தளத்தின் விலையில், அதுவும் விண்ணப்பிக்கும் நாளின் விலையில். உங்கள் வங்கி பலகையில் போட்டிருக்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 28 நாளுக்குள் ரிங்கிட் கொஞ்சம் சரிந்தால் ஐம்பது பவுண்டு குறைவும் குறைவுதான். ஏழு சதவீதம் கூடுதலாகச் சேர்த்து 2,03,000 ரிங்கிட்டை உங்கள் இலக்காக வையுங்கள்.

கட்டிய 3,000 பவுண்டு முன்பணம் சி.ஏ.எஸ். சான்றில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விடுதிக்குப் பல்கலைக்கழகத்திடமே பணம் கட்டியிருந்தால் ஒரு வரம்புவரை அதையும் கழிக்கலாம். தனியார் விடுதிக்குக் கட்டியது கழியாது.

இந்த இரண்டு லட்சத்துக்கு வெளியே இன்னொரு செலவு இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். விசா விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டானது. ஏப்ரல் மாதம் ஏற்றுவது அவர்கள் வழக்கம் என்பதால் கட்டும் நாளில் பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். மருத்துவ வரி மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு ஓராண்டு வரிதானே என்று நினைக்காதீர்கள். படிப்பு முடிந்த பிறகும் நான்கு மாதம் சேர்த்து விசா தருவார்கள். அந்த மிச்ச மாதங்களுக்குப் பாதி வரி சேர, 1,164 பவுண்டு ஆகும். இரண்டும் சேர்ந்து 9,300 ரிங்கிட் அளவில் வரும், விண்ணப்பிக்கும்போதே ஒரே மூச்சில் கட்ட வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் மலேசியாவிலிருந்து போவோருக்குக் கட்டாயம். பிரிட்டன் அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்தால்தான் செல்லும். சான்று ஆறு மாதம் செல்லுபடியாகும். இவற்றுக்கு 12,000 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டுவதாக இருந்தால் வரம்பு போதுமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இப்போது மைத்துனர் விஷயம். பணம் மாணவர் பெயரில் இருக்கலாம், பெற்றோர் பெயரில் இருக்கலாம், சட்டப்படியான பாதுகாவலர் அல்லது துணைவர் பெயரிலும் இருக்கலாம். தாய்மாமன் இந்தப் பட்டியலில் இல்லை. நம் வீட்டில் தாய்மாமனுக்கு எத்தனை உரிமை இருந்தாலும் அவர் எஃப்.டி. ஸ்டேட்மெண்ட் இந்த விசாவுக்குச் செல்லாது. எஃப்.டி.யை எடுத்துப் பணத்தை உங்கள் குடும்பத்துக் கணக்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். முதிர்வுக்கு முன் உடைத்தால் அவருடைய வட்டி போய்விடும். அதை நீங்கள் ஈடுகட்டிக் கொடுத்துவிடுவது மரியாதை. எவ்வளவு கடன், எப்போதிலிருந்து, மாதம் எவ்வளவு திருப்பித் தருவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “விசா வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்” என்று அவர் நினைத்திருந்தால் இப்போதே பேசித் தெளிவுபடுத்துங்கள். இது காட்டிவிட்டு எடுக்கும் பணம் அல்ல. அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய முழுவதும் செலவாகப்போகும் பணம்.

எந்தக் கணக்கில் சேர்ப்பது? மகளின் சொந்தச் சேமிப்புக் கணக்கில். இதைத்தான் அழுத்திச் சொல்வேன். உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வைத்தால், கேட்கும்போது பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டும். நம் பிறப்புச் சான்றிதழ் மலாயில் இருப்பதால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. அதில் நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று: அப்பா பெயர் ஐ.சி. என்னும் அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், மகளின் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் ஏ/பி-க்குப் (இன்னாரின் மகள்) பின்னால் மூன்றாவது. எல்லாம் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுக்க சும்பா ஆணையரிடம் அலைய வேண்டியிருக்கும். பணம் மகள் பெயரிலேயே இருந்தால் உறவை நிரூபிக்கும் வேலையே இல்லை. அத்தனை பணமும் ஒரே கணக்கில் இருக்கிறதே என்ற கவலைக்கு: பி.ஐ.டி.எம். என்னும் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட்வரை உண்டு. ஆன்லைன் பரிமாற்ற வரம்பை மட்டும் மிகக் குறைவாக மாற்றி வையுங்கள். போலி எஸ்.எம்.எஸ். லிங்க்கைத் தொட்டுப் பணம் போன கதைகள் நிறைய.

எஃப்.டி., ஏ.எஸ்.எம்., மைத்துனர் பணம் எதுவானாலும் மாற்றிய ரசீதுகளை ஒரு கோப்பில் போடுங்கள். கணக்கில் திடீரென இரண்டு லட்சம் வந்தது எப்படி என்று கேட்டால் காட்டத் தாள் வேண்டும். ஏ.எஸ்.எம். யூனிட்டை அப்படியே வைத்துக்கொண்டு சான்று காட்டலாமே என்று தோன்றும். முதலீட்டு யூனிட் வங்கி இருப்பு ஆகாது என்பதால் விற்றுக் காசாக்குவதே வழி. விற்றபின் திரும்ப வாங்க நினைத்தால் யூனிட் காலியாக இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், தேவைக்கு மேல் விற்காதீர்கள்.

கூட்டிப் பார்ப்போம். எஃப்.டி. 62,000, சேமிப்பு 26,000, ஏ.எஸ்.எம். 71,000, மைத்துனர் 60,000. மொத்தம் 2,19,000. ஒதுக்கிய 12,000 போக 2,07,000 நிற்கிறது. இலக்கைத் தாண்டிவிட்டீர்கள், கே.டபிள்யூ.எஸ்.பி.யைத் தொடாமலே.

நாட்களை இப்படி வையுங்கள். ஜூன் 12-ல் எஃப்.டி. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை ரத்து செய்து பணத்தை எடுங்கள். இதை மறந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். அந்த வாரமே ஏ.எஸ்.எம். விற்பனை, மைத்துனர் பணம் இரண்டும் வந்து சேரட்டும். ஜூன் 22 அன்று முழுத்தொகையும் மகள் கணக்கில் இருந்தால் 28 நாள் ஜூலை 19-ல் முடியும். அந்த 28 நாளில் ஒரே ஒரு நாள் இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அதனால் விமான டிக்கெட், குளிர்கால உடுப்பு, லேப்டாப் எதையும் அந்தக் கணக்கிலிருந்து வாங்க வேண்டாம். கணக்கோடு இணைந்த டெபிட் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டு லட்சத்துக்கு ஒரு மாத எஃப்.டி. வட்டியை இழப்பது நானூறு ரிங்கிட் அளவுதான், அதற்காக ஆசைப்பட வேண்டாம்.

ஸ்டேட்மெண்டின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜூலை 19-ல் முடிகிற ஸ்டேட்மெண்டுக்கு ஆகஸ்ட் 19 எல்லை. ஜூலை 20-க்கும் 25-க்கும் இடையில் விண்ணப்பித்துவிடுங்கள். கோலாலம்பூரிலுள்ள வி.எஃப்.எஸ். விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுத்தபின் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். ஆகஸ்ட் கூட்டத்தில் தாமதமானாலும் செப்டம்பர் கடைசிக்கு அவகாசம் இருக்கும். பணம் வந்த நாளிலிருந்து 28-ம் நாள்வரை ஒரே ஓட்டமாகக் காட்டுகிற, பெயரும் கணக்கு எண்ணும் வங்கி முத்திரையும் உள்ள ஸ்டேட்மெண்டைப் பதிவிறக்கி வையுங்கள். மாதாந்திர ஸ்டேட்மெண்ட் மாதக் கடைசியில் துண்டாகும் என்பதால் ஜூன், ஜூலை இரண்டையும் எடுங்கள். பாஸ்புக் மட்டும் உள்ள கணக்கு என்றால் வங்கியிடம் கடிதம் கேளுங்கள்.

மகளின் படிப்பு பொறியியல், வேதியியல் போன்ற துறையானால் ஏ.டி.ஏ.எஸ். என்னும் பிரிட்டிஷ் அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். இதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். தேவையா என்று பல்கலைக்கழகக் கடிதத்தில் இருக்கும். தேவையென்றால் பணத்தைத் திரட்டுவதற்கு முன்பே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் 28 நாள் கச்சிதமாக முடிந்தும் அனுமதிக்காகக் காத்திருந்து ஸ்டேட்மெண்ட் காலாவதியாகும்.

விதி கேட்பது 9 மாதச் செலவு, மகள் தங்கப்போவதோ 12 மாதம். மூன்று மாதப் பள்ளம் 3,513 பவுண்டு, சுமார் 19,300 ரிங்கிட். பகுதிநேர வேலையில் ஈட்டிவிடுவாள் என்று திட்டமிடாதீர்கள். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், முதுகலையில் ஆய்வேடு எழுதும் கோடைகாலமும் படிப்புக் காலமே. இந்த இடத்தில்தான் கே.டபிள்யூ.எஸ்.பி.யைப் பார்க்க வேண்டும். 50 வயது கடந்ததால் அகாவுன் செஜாத்ராவிலிருந்து காரணம் சொல்லாமலே எடுக்கலாம், பிள்ளையின் கல்விக்கென்றும் எடுக்கலாம். எடுத்தாலும் இந்த 20,000 அளவுக்கு மட்டும் எடுங்கள். 2024-க்கு 6.30 சதவீதம் ஈவு தந்த இடம் அது. 54,000 முழுவதையும் இன்று எடுத்தால், அதே விகிதம் நீடித்தால் 60 வயதில் கையில் இருந்திருக்கும் 90,000-க்கும் மேல் போய்விடும். மைத்துனருக்கு மாதம் 1,000 வீதம் ஐந்தாண்டில் அடைப்பதே உங்களுக்கு மலிவு.

விசா வந்தபின் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளம் வழியாகவே கட்டுங்கள். எந்த ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கும் வேண்டாம். வங்கி வழி வெளிநாட்டுப் பணப் பரிமாற்றமாக (டி.டி.) அனுப்பினால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வழியில் உள்ள வங்கி இருபது முப்பது பவுண்டைப் பிடித்துக்கொண்டு, கட்டணம் பாக்கி என்று மகளுக்குக் கடிதம் வரும். தவணை உண்டென்றால் தவணைக்கு ஏற்பப் பவுண்டு வாங்குங்கள்.

வருமான வரிப் படிவத்தில், வெளிநாட்டில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ முழுநேரம் படிக்கும் திருமணமாகாத பிள்ளைக்கு 8,000 ரிங்கிட் விலக்கு உண்டு. பல்கலைக்கழகக் கடிதத்தையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருங்கள்.