லாரிக்காரர் ‘தெரியவில்லை’ என்றால் குற்றம் நம்முடையதா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையில் என் ஆல்ட்டோ காரில் இடது ஓரத் தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். நடுத் தடத்தில் வந்த கண்டெய்னர் லாரி திடீரென இடப்பக்கம் ஒதுங்கி, காரின் வலப்பக்கத்தில் உரசித் தடுப்புக் கம்பியில் தள்ளிவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவிக்குக் காறை எலும்பு முறிவு, எனக்குச் சிராய்ப்பு. “நீங்கள் மறைவில் வந்துவிட்டீர்கள், கண்ணாடியில் தெரியவில்லை” என்கிறார் ஓட்டுநர். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுங்கள் என்று லாரி முதலாளியின் ஆள் கேட்கிறார். மருத்துவமனைக்கே வந்த இன்னொருவர், எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாகவும் கிடைக்கும் தொகையில் 25 சதவீதம் போதும் என்றும் சொல்கிறார். குற்றம் என்மீதுதானா? என்ன செய்வது?

பதில்: குற்றம் உங்கள்மீது இல்லை, நீங்கள் எழுதியிருப்பது போலத்தான் நடந்தது என்றால். தடம் மாறுகிறவர்தான் பார்த்து மாற வேண்டும். ‘தெரியவில்லை’ என்று ஓட்டுநர் சொன்னால், பார்க்காமல் திருப்பினேன் என்று அவரே ஒப்புக்கொள்வதாகத்தான் விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கண்டெய்னர் லாரியில் ஓட்டுநர் வலப்பக்கம், அதுவும் தரையிலிருந்து நல்ல உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவை ஒட்டி, முன்சக்கரத்துக்கு நேராக ஒரு சின்னக் கார் போனால் அதன் கூரைகூட அவர் கண்ணில் படாமல் போகலாம். பக்கக் கண்ணாடி பின்னால் வருவதைக் காட்டும். கதவுக்குக் கீழே இருப்பதை அவ்வளவாகக் காட்டாது. முன்பு அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கிளீனர் என்று ஓர் ஆள் இருந்தார். தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். கூலி மிச்சம் என்று இப்போது பல லாரிகள் ஒற்றை ஆளுடன் ஓடுகின்றன. அந்த மிச்சத்துக்கு உங்கள் மனைவியின் காறை எலும்பு விலை கொடுத்திருக்கிறது. இனி லாரியைக் கடக்கும்போது அதன் கதவுக்கு நேராக நீடிக்காதீர்கள். ஒன்று முன்னால் போய்விடுங்கள், அல்லது பின்தங்கிவிடுங்கள். சாலைக்கு அது போதும்; வழக்குக்கு வருவோம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் ‘தெரியவில்லை’ என்று வாதாட மாட்டார். ‘கார் இடப்பக்கமாக முந்தியது’ என்றுதான் வாதாடுவார். அது எடுபட்டால் உங்கள் பங்குக் கவனக்குறைவு என்று ஒரு சதவீதத்தை இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள். கோவையில் 2017-இல் நடந்த விபத்தொன்றில் உச்ச நீதிமன்றம் 2025-இல் இப்படித்தான் பிரித்தது: சைகை காட்டாமல் நெடுஞ்சாலையில் சட்டென்று பிரேக் போட்ட காருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, காலை இழந்த பைக் மாணவருக்கே 20. ஆகவே ‘யார் குற்றம்’ என்று கேட்பதைவிட ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்பதே சரி. அதைத் தீர்மானிக்கும் சாட்சி உங்கள் காரின் வலப்பக்கக் கதவில் இருக்கிறது.

அந்தக் கதவை உற்றுப் பாருங்கள். லாரியின் முன்சக்கர நட்டுகள் உரசியிருந்தால், தகட்டில் வட்டத்தின் துண்டுகளைப் போல வளைந்த கீறல்கள் வரிசையாக விழுந்திருக்கும். உங்கள் கார் லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது மோதல் நடந்தது என்பதற்கு அதைவிடப் பேசும் சாட்சி கிடையாது. கீறல் முன்னிருந்து பின்னே போகிறதா, பின்னிருந்து முன்னே போகிறதா என்பதை வைத்து, யார் வேகமாகப் போனார் என்றும் ஓரளவு சொல்லலாம். பட்டறைக்காரர் கதவைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் போயிற்று. மோட்டார் வாகன ஆய்வாளரும் உங்கள் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்க்கும் வரை வண்டியில் கை வைக்க விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது காவல் நிலையத்தில் வரையும் மாதிரி வரைபடம். மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அது இடது தடத்தில் விழுந்தால் ஒரு கதை. வெள்ளைக் கோட்டின்மேல் விழுந்தால் வேறொரு கதை. நகல் கேட்டு வாங்குங்கள். தவறாக இருந்தால் அப்போதே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்; இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் நின்று மறுப்பதற்கு மதிப்புக் குறைவு. காரில் கேமரா இருந்தால் அதன் அட்டையை இன்றே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வண்டி ஓட ஓடப் பழைய பதிவு அழிந்துவிடும். சுங்கச்சாவடிக் கேமராப் பதிவும் நெடுநாள் இருக்காது. அதைக் கைப்பற்றும்படி காவல் ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அது ஆகாது. எலும்பு முறிந்த விபத்தில் மூன்று வாரம் அந்த ரசீதோடு நிறுத்தி வைக்க எந்த நியாயமும் இல்லை. நிலையத்தில் இழுத்தடித்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமலும் இழப்பீடு கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்கலாம், விபத்தே நடக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், பரவாயில்லையா?

அந்த அறுபதாயிரம் ஏன் வருகிறது என்று யோசியுங்கள். இழப்பீடு தரப்போவது லாரி முதலாளி இல்லை, அவருடைய இன்சூரன்ஸ். வழக்குப் பதிவானால் லாரி நிலையத்தில் நிற்கும், நடை போகும், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தால் வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகி இருப்பதுகூடத் தெரியவரலாம். அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் பணம். ‘புகார் இல்லை’ என்று நீங்கள் எழுதும் ஒற்றைத் தாள், பிறகு உங்கள் மனைவிக்குத் தோளைத் தூக்க முடியாமல் போனாலும் குறுக்கே வந்து நிற்கும். இன்னொன்று, ஓட்டியவரைப் படம் எடுத்திருக்கிறீர்களா? உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், உரிமம் உள்ள வேறோர் ஆளை நிலையத்தில் நிறுத்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், தகுதிச் சான்று இரண்டின் தேதியையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கு வந்த அந்த 25 சதவீதக்காரரை இன்றோடு மறந்துவிடுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்று வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதி இருக்கிறது. வழக்கறிஞரே அல்லாத ஒருவர் எந்த உரிமையில் பேசுகிறார்? வார்டில் யாருக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே புரியும். இவர்கள் முதலில் கேட்பது வெற்று வக்காலத்தில், அதாவது வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்து. அடுத்து ஆதார் நகல். அதற்கடுத்து உங்கள் பெயரில் தாங்களே தொடங்கித் தரும் வங்கிக் கணக்கு; அதன் பாஸ் புத்தகமும் காசோலைப் புத்தகமும் அவர்கள் பையில் இருக்கும். காயத்தைக் கூட்டிக் காட்டும் போலிச் சான்றையும் சேர்த்துவிடுவார்கள். அது பிடிபட்டால் உண்மையான முறிவும் பொய்யாகிவிடும். அந்த ஆள் அடுத்த மருத்துவமனையில் இருப்பார். வெற்றுத் தாள் எதிலாவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், திரும்பப் பெறுவதாக இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்கள் மனைவியின் நிலை தனி. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சதவீதக் கழிவெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த உங்களுக்குத்தான். அவர் பயணி. உங்கள்மீது 20 சதவீதம் தவறு என்றே தீர்ப்பாயம் முடிவு செய்தாலும், தமக்குரிய இழப்பீடு முழுவதையும் அவர் லாரித் தரப்பிடமே கேட்டு வாங்கலாம்; இரண்டு வண்டிகளின் தவறால் அடிபட்ட மூன்றாம் ஆள் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பங்கை உங்கள் தரப்பிடம் வசூலிப்பது லாரி இன்சூரன்ஸின் பாடு. ‘கணவன் தவறு, மனைவிக்கும் கழிக்கிறோம்’ என்று சமரசப் பேச்சில் சொல்லிப் பார்ப்பார்கள். மக்கள் நீதிமன்றத்திலும் சொல்வார்கள். தலையாட்டிவிடாதீர்கள். இதற்காகவே இரண்டு மனுக்களாக, அவருடையதைத் தனியாகப் போடுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் எல்லாம் அவர் பெயரில் தனிக் கோப்பில் இருக்கட்டும். அவர் வேலைக்குப் போகாத இல்லத்தரசி என்றாலும் வருமான இழப்பு உண்டு, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 2022 ஏப்ரல் முதல் இதுதான் சட்டம். அதே சட்ட மாற்றத்தோடு வந்த விதிகள், 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கு முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று காவல் துறைக்கும் கெடு வைத்தன. எலும்பு முறிந்தவர் ஒரு நாள் தாமதித்தால் ஏன் என்று கேட்பார்கள். 48 மணி நேரத்தைத் தவறவிட்ட நிலையத்தைக் கேட்க ஆளில்லை. அவர்கள் அனுப்புவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்த இடத்துக்கு அலைய வேண்டியதில்லை.

காரின் சேதத்தை உங்கள் சொந்த பாலிசியிலேயே கேட்டுவிடுங்கள். இழப்பீடு கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் போனஸ் கழிவு போகும், போகட்டும்.