பின் சக்கரம் சாய்ந்து நிற்கும் ஹெரால்டு: ஆக்சிலை மாற்றலாமா?

கேள்வி: பள்ளத்தூர் வீட்டு கார் ஷெட்டில் ஐயா ஓட்டிய 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருபது வருஷமாக நிற்கிறது. வரும் தையில் அப்பச்சிக்கு மணிவிழா. அன்றைக்கு அவர்களை அதில் ஏற்றிப் போக ஆசை. பின்பக்கம் அமுங்கிவிட்டது, இரண்டு பின் சக்கரமும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தள்ளினால் 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் ஒருவர், ஜீப் ஆக்சிலை வெல்டிங் செய்து போடலாம், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்துத் தூக்கிவிடலாம் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். அதிலும் பட்டை சேர்க்கும் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள்.

அம்பாசிடர், ஃபியட் கார்களில் பின் ஆக்சில் ஒரே முழுக் குழாய். இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஆளுக்கொரு பட்டை செட். ஹெரால்டு அந்த ஜாதி இல்லை, அதனால்தான் ஜீப் ஆக்சில் இதற்கு ஒத்துவராது. 1959இல் இங்கிலாந்தில் வந்து, 1961 முதல் நம் சென்னைப் பக்கம் வண்டலூரில் தயாரான கார் இது. இதில் டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சேசிஸோடு இறுகி நிற்கும். அதன் தலைமேல் ஒரே ஒரு பட்டை செட் குறுக்காகக் கிடக்கும். இரண்டு பக்கமும் ஆக்சில்கள் தனித்தனியாக, உள்முனையில் ஒரு கிராஸோடு (மடங்கியபடியே சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு), பறவை இறக்கையை அசைப்பதுபோல மேலும் கீழும் ஆடும். சக்கரம் மேலே போனால் தலை உள்ளே சாயும், கீழே இறங்கினால் அடி உள்ளே மடங்கும். ஆக, சாய்வு அந்த அமைப்போடு பிறந்தது.

ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கித்தான் நிற்கும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பாகத்தையே மேலே தூக்கிவிடும். இப்படி ஆக்சில் ஆடும் 'ஸ்விங் ஆக்சில்' கார்களின் பழைய வியாதி இது. 1972இல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் முழு ஆக்சிலுக்கே போய்விட்டார்கள். அதனால் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கும் ஹெரால்டுதான் சாலையில் பத்திரமான ஹெரால்டு. எவ்வளவு சாய்வு என்பதுதான் கேள்வி.

அதை அளக்க ஒரு தூக்குக்குண்டு போதும். சமதரையில் நிறுத்தி, நூலை மேலிருந்து விட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 13 அங்குலச் சக்கரத்தில் இரண்டுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 1 டிகிரி. காலி வண்டியில் 1, 2 டிகிரி உள்சாய்வு இருந்தால் நான் கைவைக்க மாட்டேன். 4 டிகிரியைத் தாண்டினாலோ, இடதும் வலதும் வேறு வேறாக இருந்தாலோ ஸ்பிரிங்கை இறக்க வேண்டியதுதான்.

இனி அந்த 'டக்'. பெரும்பாலும் அது கிராஸ்தான். டார்ச் அடித்து, ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் நான்கு கப்புகளையும் பாருங்கள். ஓரத்தில் காவிப்பொடி தூவினாற்போல் ஒரு படிவு இருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி உருளைகள் அரைபட்டுத் துருவாகிவிட்டன என்று அர்த்தம். உங்கள் ஊர் வறண்ட வெயிலில் தகடு பிழைத்துவிடும், கிரீஸும் ரப்பரும் பிழைக்காது. நான்கு போல்ட்டைக் கழற்றினால் முனை பிரிந்துவிடும். பழைய கிராஸைக் கையோடு எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போங்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். கப்பின் குறுக்களவையும் சர்க்கிளிப் இடைவெளியையும் வெர்னியரில் அளந்து காட்டிக் கேளுங்கள். பேரிங்கும் அப்படித்தான், விளிம்பில் பொறித்த நம்பரே அதன் ஜாதகம்.

வேலை தொடங்குமுன் இரண்டு எச்சரிக்கை. வீட்டு முகப்புக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் வண்டியை ஏற்றி ஜாக்கி வைக்காதீர்கள், கல் விரிசல் விடும், கியர் ஆயில் கறையும் போகாது. ஷெட்டின் மண்தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனத்த பலகை போடுங்கள். உங்கள் வீட்டில் பர்மா தேக்குத் துண்டுக்கா பஞ்சம்! அடுத்தது, ஷாக் அப்சார்பரை அவிழ்ப்பதற்கு முன் சக்கரப் பக்கம் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். இந்த வண்டியில் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து வைத்திருப்பதே ஷாக்தான். சும்மா அவிழ்த்தால் பட்டை விசையோடு இறங்கி விரலை வாங்கிவிடும்.

உங்களைப் பாடாய்ப் படுத்தப்போவது வெர்டிகல் லிங்க்கின் (ஸ்பிரிங் நுனியையும் ஆக்சில் வெளிமுனையின் ஹவுசிங்கையும் இணைக்கும் செங்குத்துத் துண்டு) அடி போல்ட். அது ஒரு இரும்புக் குழல் வழியாக ஓடுகிறது, குழலைச் சுற்றி நைலான் புஷ். இருபது வருஷத்தில் போல்ட்டும் குழலும் துருவில் ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் மரை பிசங்கும், லிங்க் வளையும், போல்ட் அசையாது. கேஸ் நெருப்பு வைத்தால் நைலான் உருகும். நான் செய்வது இதுதான்: லிங்க்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இருக்கும் சந்தில் வெறும் ஆக்சா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிடுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் என்று சொல்லத்தான் ஆசை, உண்மையில் அரை நாள். புது போல்ட் போடும்போது காப்பர் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

வீல் ஹப்பைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். ஆக்சிலின் கூம்பு முனையில், கீ வைத்து இறுகியிருக்கும் அது. தொடக்க காலத்தில் சாதாரண கால் புல்லரை மாட்டி இழுத்து, ஒரு ஹப்பின் தட்டையே வளைத்துவிட்டேன். சக்கரம் கரகாட்டம் ஆடியது. ஹப்பின் வீல் ஸ்டட்களைப் பிடித்து இழுக்கும் கனத்த தட்டுப் புல்லர் வேண்டும், காரைக்குடி லேத் பட்டறையில் செய்து வாங்கலாம். பேரிங் ஊளையிட்டாலோ ஆயில் சீல் ஒழுகினாலோ மட்டும் ஹப்பைத் தொடுங்கள். அப்படித் திறந்தால் ஆக்சிலின் வெளிமுனையை நகத்தால் வருடிப் பாருங்கள். அங்கே ஊசி பேரிங் நேராக ஆக்சில் மேலேயே உருள்கிறது. நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது பேரிங் போட்டுப் பயனில்லை, ஆக்சிலே வேறு தேட வேண்டும்.

ஸ்பிரிங்கை இறக்க, பின் சீட்டைக் கழற்றினால் ஒரு மூடித் தகடு தெரியும், அதற்குக் கீழே டிஃபரன்ஷியல் தலையில் ஆறு நட்டுகள். பட்டை வேலைக்காரரிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழுக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு முறையாக டெம்பர் ஏற்றாமல் தந்தால் சில மாதத்தில் பழையபடி தொங்கும். பச்சையாக, அதாவது காய்ச்சாமலே, தட்டித் தட்டி வளைவு ஏற்றச் சொல்லுங்கள், 'லாரிக்குச் செய்வது போல' என்ற பேச்சே வரக்கூடாது. பட்டை நுனிகளுக்கு நடுவே உள்ள சின்ன ரப்பர் பொத்தான்கள் பொடிந்து போயிருந்தால் புதிது போடுங்கள்.

டிஃபரன்ஷியலில் இபி 90 ஆயில், அரை லிட்டருக்குச் சற்று மேலே கொள்ளும். பிரேக் சிலிண்டர் ரப்பர்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ரேடியஸ் ஆர்ம் (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டு) பிராக்கெட்டுக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று சாக்பீஸில் எழுதி வையுங்கள்.

எல்லாம் பூட்டியபின் ஜாக்கியை இறக்கினால், அடி உள்ளே மடங்கி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பயந்து மறுபடி கழற்றாதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய மறுக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் புஷ் போல்ட்டுகளை அப்போதே முறுக்காமல், கையால் பூட்டியபடி விட்டு வண்டியைத் தெருமுனை வரை தள்ளிப் போய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். அப்பச்சியைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லி இரண்டு முறை அமுக்கிவிட்டு, இறங்கியதும் தூக்குக்குண்டை மறுபடி பிடியுங்கள். அளவு சரியென்றால், சக்கரம் தரையில் நிற்கும்போதே கீழே நுழைந்து ஸ்பிரிங் கண் (பட்டை நுனி வளையம்) போல்ட்டுகளை முறுக்குங்கள். தொங்கும்போது முறுக்கிய புஷ், முதல் பள்ளத்திலேயே திருகிக் கிழிய ஆரம்பித்துவிடும்.