மூன்றரை வயதில் பென்சிலைப் பொத்திப் பிடிக்கிறான்...

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. போகிறான். பென்சிலை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக் கிறுக்குகிறான். 'கையில் பலம் இல்லை, வீட்டில் நிறைய எழுத வையுங்கள்' என்கிறார் டீச்சர். நோட்டை எடுத்தாலே அழுகிறான். சத்து டானிக் ஏதாவது கொடுக்கலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: டானிக் வேண்டாம் அம்மா. எழுத்துப் பயிற்சியையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

தோளும் மணிக்கட்டும் நன்றாக உறுதிப்பட்டால்தான் விரல்நுனி சொன்ன பேச்சைக் கேட்கும். மூன்று விரல்களால் பென்சிலைப் பிடித்து, கையை அசைக்காமல் விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது பல பிள்ளைகளுக்கு 5, 6 வயதில்தான் கைகூடும். பொதுவாக 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், 5 வயதையொட்டி முக்கோணம் என்றுதான் வரையவே பழகுகிறார்கள். அதற்கு முன்பே நான்கு கோடு நோட்டைக் கையில் கொடுப்பது பள்ளியின் அவசரம். உங்கள் பிள்ளையிடம் குறை இல்லை.

காலையில் நீங்கள் கோலம் போடும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு கிண்ணத்தில் அரிசி மாவு கொடுங்கள். கல்மாவு வேண்டாம், கண்ணிலும் வாயிலும் போய்விடும். மாவைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் மெல்லத் தேய்த்தால்தான் அது கோடாக இறங்கும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் இதே விரல்கள்தான். முதலில் குவியல் குவியலாகத்தான் விழும், விழட்டும். புள்ளி வைத்தாலே போதும்.

கிரேயானைச் சுண்டுவிரல் நீளத்தில் பாதியாக ஒடித்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வேலைக்கு வரும். பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடி வரையச் சொல்லுங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைவிட நல்ல வேலை இல்லை. சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டலாம், பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டலாம். முனை மழுங்கிய கத்தரியால் தாளின் ஓரத்தை வெட்டலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால். மணி கோப்பதும் நல்லதுதான். ஆனால் வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், விழுங்கினால் மூச்சுக்குழாயில் அடைக்கும்.

பத்து நிமிடம் போதும், சலித்தால் விட்டுவிடுங்கள். 'கோட்டுக்கு வெளியே போகாதே' என்று திருத்த வேண்டாம். இடது கையால் வரைந்தால் வலது கைக்கு மாற்றவும் வேண்டாம்.

அவன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை மடக்கியே வைத்திருந்தாலோ, கை விறைப்பாக அல்லது மிகவும் தொய்வாக இருந்தாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யாமல் போனாலோ, தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். 4 வயது தாண்டியும் வட்டம் வரவில்லை, தானாகச் சாப்பிடத் தடுமாறுகிறான் என்றாலும் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அவரே, எழுதுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அனுப்புவார். டி.இ.ஐ.சி. எனப்படும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.